கறுப்புத் துணிக்குள் தலை நுழைத்தவர்கள்



கடலூரில் குடியிருந்துகொண்டு சிதம்பரத்தில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் நான். காலை வண்டியில் ஏறி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நிலையங்களை எண்ணிக்கொண்டே போவதும், மாலையில் அவற்றையே தலைகீழாக எண்ணிக்கொண்டு திரும்புவதும் என் வழக்கம். ஒருநாள் வகுப்பில் காட்டுவதற்காகப் பழைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துச் சென்றேன். வண்டியில் எதிரே அமர்ந்திருந்த மீன்காரம்மாள் அதை எட்டிப் பார்த்தார். "ஏன் ஐயா, இது பிணவண்டிதானே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் வண்டிக்காரர் ஏன் இப்படித் துக்கமாக உட்கார்ந்திருக்கிறார்?" என்று அடுத்த கேள்வி பிறந்தது. அந்தக் கேள்வி எத்துணைக் கூர்மையானது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

வகுப்பிலும் படத்தைக் காட்டினேன். மரத்தாலான பெட்டி வண்டி ஒன்று. அதன் முன்பலகையில் தொப்பியணிந்த மனிதர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். வண்டியின் பக்கத்தில் 'புகைப்பட வண்டி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. எடுத்த ஆண்டு 1855; எடுத்த இடம் கருங்கடலின் கரையிலுள்ள கிரிமியாப் போர்முனை. பத்திரிகைக்காகப் படமெடுக்கப் புறப்பட்ட முன்னோடிகளின் வண்டி இது என்றேன். அவ்வளவுதான், வகுப்பு கலகலத்தது. "ஐயா, இது ஐஸ் வண்டி" என்றான் ஒருவன். "மண்ணெண்ணெய் வண்டி" என்றான் மற்றவன். "ஒரு செல்பி எடுக்க ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு போவார்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "படமெடுக்கப் போகிறாரா, பெண் கேட்கப் போகிறாரா?" என்று கடைசிப் பலகையிலிருந்து ஒரு குரல். நானும் சிரித்தேன். சட்டைப் பையில் காமிராவை வைத்துக்கொண்டு திரிகின்ற தலைமுறைக்கு அந்த வண்டி வேடிக்கையாகத்தான் இருக்கும்.

நிற்க. அந்த வண்டிக்குள் என்ன நடந்தது என்பதைச் சற்றே பார்ப்போம்.

வண்டிக்கு உரியவர் ரோஜர் பென்டன் என்னும் ஆங்கிலேயர். வழக்கறிஞர் தொழிலுக்குப் படித்தவர். ரஷியாவை எதிர்த்து இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியும் போரிட்ட அந்தக் காலத்தில், மான்செஸ்டர் நகரத்துப் பதிப்பாளர் ஒருவர் அவரைப் போர்முனைக்கு அனுப்பினார். ஐந்து காமிராக்களையும் எழுநூறு கண்ணாடித் தகடுகளையும் அவர் கப்பலில் ஏற்றிக்கொண்டார். வண்டியோ, முன்பு ஒரு மது வணிகருக்குச் சொந்தமாக இருந்தது. சாராய வண்டியைத்தான் இருட்டறையாக மாற்றிக்கொண்டார்! இதைச் சொன்னபோது வகுப்பில் மறுபடியும் சிரிப்பு எழுந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

அக்காலத்தில் பிலிம் இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையை ஒரே சீராக ஊற்றவேண்டும். ஈதர் மணம் மூக்கைத் துளைக்கும். பிறகு அதை இருட்டிலேயே வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் சொட்டச் சொட்டக் காமிராவில் பொருத்த வேண்டும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தலைகீழாகத் தெரிகின்ற உருவத்தைப் பார்த்துச் சரிசெய்வது அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். காமிராவின் மூடியைத் திறந்து, சில விநாடிகள் எண்ணி, மீண்டும் மூடவேண்டும். ஈரம் காய்வதற்குள் ஓடிவந்து கழுவியும் ஆகவேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது ஏறக்குறையப் பத்து நிமிடம். தகடு காய்ந்தால் படம் போயிற்று. இருட்டறையைக் கூடவே இழுத்துச் செல்வதைத் தவிர வேறு வழி எது? வீட்டை இழுத்துக்கொண்டு போனார் என்று நாம் நகைத்தது உண்மையே. ஆனால் அந்த வீடு இல்லையானால் படமும் இல்லை. வெள்ளி நைட்ரேட் பட்ட விரல்கள் நாட்கணக்கில் கறுத்துக் கிடக்கும். ஆகவே அந்நாளில் புகைப்படக்காரரை அவர் கையைப் பார்த்தே கண்டுகொள்ளலாம்.

கோடை வந்ததும் வண்டி அடுப்பாயிற்று. காலை பத்து மணிக்குமேல் உள்ளே வேலை செய்ய இயலவில்லை. வெயிலைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் இருந்தது. தளபதி முதல் சிப்பாய் வரை எல்லாரும், "என்னையும் ஒரு படம் எடும்" என்று வந்து நின்றார்கள். பென்டன் தம் கடிதங்களில் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறார். திருமண வீட்டில் காமிராவோடு நுழைந்து பார்த்தவர்களுக்கு இந்தத் துன்பம் நன்கு விளங்கும்.

இப்போது மீன்காரம்மாளின் கேள்விக்கு வருவோம். வண்டியின்மேல் அமர்ந்திருப்பவர் மார்க்கஸ் ஸ்பார்லிங் என்னும் உதவியாளர். 1855 ஏப்ரலில் ஒருநாள், பீரங்கிக் குண்டுகள் இடைவிடாமல் விழுந்துகொண்டிருந்த ஒரு பள்ளத்தாக்குக்கு வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டியிருந்தது. வண்டியோ வெளிர் நிறமுடையது. எதிரிக்கு நல்ல குறி. புறப்படுமுன் ஸ்பார்லிங் ஒரு யோசனை சொன்னார்: வண்டியும் வண்டிக்காரனும் திரும்பி வராமல் போகவும் கூடும், ஆகவே இருவரையும் இப்போதே ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது என்றார். அந்த யோசனையால் பிறந்ததே நாம் பார்த்துச் சிரித்த படம். பாதி வேடிக்கையாகவும் பாதி மெய்யாகவும் தம் கடைசிப் படத்துக்கு உட்கார்ந்தவர் அவர். பிணவண்டியா என்று கேட்ட அம்மாளுக்குப் படமெடுத்த கதை ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்!

நல்லவேளையாக இருவரும் திரும்பினர். அன்று எடுத்த பள்ளத்தாக்குப் படம் உலகப் புகழ் பெற்றது. அதில் மனிதர் எவரும் இல்லை. பாதையெங்கும் பீரங்கிக் குண்டுகள் மட்டும் சிதறிக் கிடக்கின்றன. ஒரே இடத்தில் எடுத்த இரண்டு தகடுகள் உள்ளன. ஒன்றில் பாதையின்மேல் குண்டுகள் கிடக்கின்றன. மற்றதில் பாதை வெறுமையாக இருக்கிறது. குண்டுகளை யார் உருட்டிப் பாதையில் வைத்தது, அல்லது யார் அகற்றியது என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். பத்திரிகைப் படத்தின் பிள்ளைப் பருவத்திலேயே, "இது உண்மைதானா?" என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது.

காமிராக்காரரைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாம் மட்டும் அல்லர். அவர்கள் காலத்தவரும் நன்றாகவே சிரித்தனர். 1839-ல் பாரிஸ் நகரில் புகைப்படக்கலை அறிவிக்கப்பட்ட சில மாதங்களுக்குள் தியோடோர் மோரிஸே என்னும் ஓவியர் ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டார். ஊரெல்லாம் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. படமெடுத்துக்கொள்ளக் கூட்டம் முண்டியடிக்கிறது. ஓரத்தில் வரிசையாகத் தூக்குமரங்கள். பிழைப்பிழந்த சித்திரச் செதுக்காளர்கள் தொங்குவதற்கு அவை வாடகைக்குக் கிடைக்குமாம்! அதே சித்திரத்தில் வானத்தில் ஒரு பலூன். அதிலிருந்தும் ஒருவர் படமெடுக்கிறார். இது வெறும் கேலி. ஆனால் 1858-ல் நாதார் என்னும் பிரெஞ்சுக்காரர் மெய்யாகவே பலூனில் ஏறிப் படமெடுத்தார். 1862-ல் தோமியே என்னும் பெரிய ஓவியர் அவரையும் விட்டுவைக்கவில்லை. பலூன் கூடையில் தள்ளாடிக்கொண்டு படமெடுக்கும் நாதாரை வரைந்து, கீழே தெரியும் பாரிஸ் நகரத்துக் கட்டடம் ஒவ்வொன்றின்மேலும் 'புகைப்படம்' என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டார். கேலி முன்னே செல்ல, காரியம் பின்னே வந்தது.

தூக்குமரக் கேலி மட்டும் பலிக்கவில்லை. புகைப்படத்தை அப்படியே செய்தித்தாளில் அச்சிடும் வழி அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. பென்டன் எடுத்த படங்களைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கித்தான் இலண்டன் படப்பத்திரிகை வெளியிட்டது. செதுக்காளர்களுக்கு மேலும் பல்லாண்டு நல்ல பிழைப்பு இருந்தது. புள்ளிகளாகப் பிரித்துப் புகைப்படத்தை அச்சிடும் முறை 1880-ல்தான் நியூயார்க் நாளேடு ஒன்றில் தலைகாட்டியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

பென்டன் கிரிமியாவிலிருந்து திரும்பிய அடுத்த ஆண்டு, 1856-ல், சென்னை அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவரைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. அதே ஆண்டில்தான் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை முதல் இரயில் ஓடியது. தெற்கே இரயில் ஏது? 1857 இறுதியில் தொடங்கி 1858 வரை டிரைப் தம் கருவிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு சேலம், திருச்சிராப்பள்ளி, சீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். அவர் சூழ்ச்சி தெரிந்தவர். நம் வெயிலில் ஈரத் தகடு என்ன பாடுபடும் என்பதை உணர்ந்து, முன்கூட்டியே பக்குவம் செய்து வைக்கக்கூடிய மெழுகுத் தாளையே பெரும்பாலும் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டி, பத்தொன்பது அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள ஒரே படமாக்கினார். இன்று கைபேசியை இடமிருந்து வலமாக ஆட்டி எடுக்கின்றீர்களே, அதன் பாட்டனார் இதுதான்.

டிரைப் எடுத்த மதுரையைப் பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். கோயில் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, குளம் இருக்கிறது, ஆளைக் காணோம். மதுரையில் ஆள் இல்லாத நாள் உண்டா? மெழுகுத் தாளில் உருவம் பதிய நெடுநேரம் பிடிக்கும். நடந்து போனவர், பேசிக்கொண்டு போனவர், சுமை தூக்கிப் போனவர் எவரும் அதில் பதிவதில்லை. அசையாத கல்லே பதிந்தது. அசைந்த மக்கள் மறைந்துபோயினர். மாட்டு வண்டி ஓட்டியவர், தண்ணீர் சுமந்தவர், பெட்டிகளைத் தோளில் ஏற்றிக் கோபுரத்தின் மேல்நிலைக்குக் கொண்டு சென்றவர் ஆகியோரின் பெயரும் இல்லை. ஒரே ஒருவர் பெயர் தப்பியது. சென்னைக் கலைப்பள்ளியோடு தொடர்புடைய அய்யாசாமி என்னும் தமிழர் டிரைப்புக்கு உதவியாளராக இருந்து, தாமும் படமெடுத்தார் என்பதைப் பதிவுகள் காட்டுகின்றன. அந்தப் பெயரைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மறைந்துபோன உறவினர் ஒருவரைச் சந்தையில் கண்டதுபோல் இருந்தது. 1859-ல் சென்னை ஆளுநராக வந்த டிரெவெலியன், இது ஆடம்பரச் செலவு என்று கருதி அந்தத் துறையையே மூடச் செய்தார். கணக்குப் பிள்ளையின் கண்ணுக்குக் காமிரா என்றும் ஆடம்பரம்தான்.

டிரைப் சென்ற வழி உள்நாட்டு வழி. கடலூரும் சிதம்பரமும் அந்தப் பயணத்தில் இடம்பெறவில்லை. ஆயினும் நம் பக்கத்தில் காமிராவைப் பற்றிய கதை ஒன்று வழிவழியாக வழங்குகிறது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ல் பிறந்து, வடலூரில் சத்திய தருமச்சாலையும் ஞானசபையும் கண்ட இராமலிங்க அடிகளைப் படமெடுக்கச் சென்னையிலிருந்து புகைப்படக்காரர் ஒருவரை அன்பர்கள் அழைத்து வந்தார்களாம். பலமுறை முயன்றும் அடிகளின் உருவம் பதியவில்லை. உடுத்திய வெள்ளாடை மட்டுமே பதிந்தது என்பது அன்பர்களின் கூற்று. ஒளியுடம்பு எவ்வாறு நிழலாகப் பதியும் என்று அவர்கள் கேட்பார்கள். நான் வரலாற்று மாணவன். அக்காலத்துக் கொலோடியன் தகடு நீல ஒளியை மட்டுமே நன்கு உணரும் என்பது எனக்குத் தெரியும். நம்மவருடைய மாநிறம் அதில் இருண்டு போகும். வெள்ளை வேட்டியோ கண் கூசப் பளிச்சிடும். அந்நாளைய நம் நாட்டுப் படங்களில் முகம் கறுத்து உடை மட்டும் ஒளிர்வதைப் பலவற்றில் காணலாம். இதனால் அன்பர்களின் நம்பிக்கைக்கு நான் மறுப்புரைக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். வந்தவர் திரும்பிப் போகும்போது வெறும் கண்ணாடியைத்தான் எடுத்துச் சென்றார் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள். 1874 ஜனவரி 30-ல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்ட அடிகளுக்கு, நாம் இன்று காண்கின்ற உருவமெல்லாம் ஓவியர் வரைந்ததே. 1867-ல் அவர் மூட்டிய அடுப்பு மட்டும் இன்றும் அணையாமல் எரிந்து, வருவோர்க்கு உணவிட்டு வருகிறது.

அடிகள் மறைந்த இரண்டே ஆண்டில் பஞ்சம் வந்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் நடுங்கிச் சொன்ன அந்தப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டையும் தக்காணத்தையும் உலுக்கியது. மாண்டவர் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகின்றனர். அப்போது சென்னைப் படையில் இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் அதிகாரி காமிராவோடு வந்தார். எலும்பும் தோலுமாகிவிட்ட மக்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் படமெடுத்தார். அந்தப் படங்களை நான் வகுப்பில் காட்டுவதற்கு நெடுங்காலம் துணியவில்லை. இங்கே கறுப்புத் துணி வேடிக்கையாக இல்லை. காமிராவின் முன் அசையாதிருக்க வேண்டும் அல்லவா? அசைவதற்கு வலுவற்றவர்கள் அவர்கள். புகைப்படக்காரருக்கு அதைவிட வசதியானவர் யார்?

அந்தப் படங்களால் பஞ்சத்தின் கொடுமை கடல் கடந்தவர் கண்களுக்கும் தெரிந்தது என்பது உண்மை. நிவாரணத்துக்கு வழி தேடாமல் அழகாக அணிவகுத்து உட்காரவைத்துப் படமெடுத்தார் என்று அவரைப் பலர் பழித்ததும் உண்மை. பின்னர் 1886-ல் மாந்தலை நகரில், மரணதண்டனை பெற்ற பர்மியர்களைச் சுடும் நொடியைப் படமெடுப்பதற்காக அதே ஹூப்பர், சுடும் ஆணையைத் தாமதப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இலண்டன் பத்திரிகைகள் கொதித்தன, நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது, விசாரணையும் நடந்தது. அவர் கண்டிக்கப்பட்டார். கருவி விரைவாகிவிட்டால் மனம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அவர் ஒருவர் போதும்.

காமிரா வரக்கூடாத இடத்துக்கு வந்த கதை அது. வரவேண்டிய இடத்துக்கு வராத கதையும் நம் ஊரில் உண்டு. 1906-ல் சென்னையில் தொடங்கி, பிறகு புதுச்சேரிக்குச் சென்று, 1910 வரை நடந்த 'இந்தியா' பத்திரிகையில் பாரதியார் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். தமிழ்ப் பத்திரிகை உலகில் அது முதன்முதலான முயற்சி. எழுதப் படிக்கத் தெரியாதவனும் சித்திரத்தைப் பார்த்துச் சிரிப்பான். சிரித்தபின் சிந்திப்பான் என்பதை அவர் அறிந்திருந்தார். அத்தகைய பத்திரிகையாளர், 1918 நவம்பர் 20-ல் புதுச்சேரியின் எல்லையைக் கடந்து வந்தபோது கைதானார். கடலூர்ச் சிறையில் இருந்து டிசம்பர் 14-ல் விடுதலையானார். அந்த நாட்களைப் பற்றிய ஒரு படமும் நம்மிடம் இல்லை. சிறை வாயிலில் ஒரு காமிராக்காரர் காத்து நின்றிருந்தால்! முக்காலியைத் தூக்கிக்கொண்டு, தொப்பி கோணலாக, பார்ப்பவர் சிரிக்க நின்றிருந்தாலும் என்ன? அவரைப் பற்றிய புகைப்படங்கள் மொத்தமுமே விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றையும் நாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். நான் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போதெல்லாம், எடுக்கப்படாத அந்தப் படத்தை மனத்தில் எடுத்துக்கொண்டிருப்பேன்.

படமெடுத்தவர்களைத் தேடித் தேடி ஓடிய தமிழர் ஒருவரையும் இங்கே சொல்லவேண்டும். ஏ. கே. செட்டியார் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்றவர். காந்தியடிகளைப் பல நாடுகளில் பற்பல காமிராக்காரர்கள் எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களைக் கப்பலேறிச் சென்று திரட்டி, ஐம்பதாயிரம் அடிப் படச்சுருளாகச் சேர்த்து, 1940-ல் வரலாற்றுப் படமாக வெளியிட்டார். பொன்னை விடுத்துப் பிலிமைத் தேடி உலகைச் சுற்றியவர் என்று அவரைச் சொல்லலாம்.

வேடிக்கைக்கும் குறைவில்லை. நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவல்லா 1913-ல் பிறந்தவர். சேலை உடுத்து, கனத்த காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, தில்லித் தெருக்களில் மிதிவண்டியில் செல்வார். கூட்டத்தில் ஆண்கள் முண்டியடிக்கும் இடத்தில், இந்த அம்மாள் எங்கே படமெடுக்கப் போகிறார் என்று எண்ணி வழிவிட்டார்களாம்; அவர் முன்னே போய் எடுத்துவிடுவார்! பின்னாளில் அவர் வாங்கிய காருக்கு டி.எல்.டி. 13 என்று எண் கிடைத்தது. உடனே 'டால்டா 13' என்பதையே புனைபெயராக்கிக்கொண்டார். தம்மைப் பார்த்து உலகம் சிரிப்பதற்குள் தாமே சிரித்துவிட்டவர் அவர். செங்கோட்டையில் விடுதலைக் கொடி ஏறியதை அவர் எடுத்த படம் நம் பாடநூல்களில் இருக்கிறது. எடுத்தவர் பெயர்தான் பெரும்பாலும் இருப்பதில்லை.

இவ்வளவையும் வகுப்பில் இரண்டு நாட்களாகச் சொன்னேன். மூன்றாம் நாள் கடைசியாக ஒரு படம் காட்டினேன். அதைக் காட்டுவதா வேண்டாமா என்று இரவெல்லாம் எண்ணினேன். ஏனெனில் அது நம் ஊர்ப் படம்.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் பொங்கிக் கரைக்கு வந்தது. கடலூர்க் கரையில் தேவனாம்பட்டினம் முதலிய ஊர்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28-ல், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா கடலூரில் ஒரு படம் எடுத்தார். பெண் ஒருத்தி தரையோடு தரையாக விழுந்து கிடக்கிறாள். இரண்டு கைகளும் மேல்நோக்கி விரிந்திருக்கின்றன. எதிரே இறந்துபோன உறவினரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. அந்த ஆண்டில் உலகமெங்கும் எடுத்த பத்திரிகைப் படங்களில் அதுவே தலைசிறந்தது என்று ஆலந்து நாட்டிலுள்ள உலகப் பத்திரிகைப் புகைப்பட அமைப்பு தேர்ந்தெடுத்தது. கடலூர் என்ற பெயரை அதற்கு முன் கேட்டிராத நாடுகளெல்லாம் அந்தப் படத்தின் கீழே அந்தப் பெயரைப் படித்தன.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எழுநூறு கண்ணாடித் தகடும் வண்டியும் இன்றி, நொடியில் ஒரு பங்கில் எடுத்த படம் அது. முதல் பலகையில் இருந்த மாணவி எழுந்தாள். முதல் நாள் செல்பியைப் பற்றிக் கேட்டுச் சிரிக்கவைத்தவள் அவள்தான். "ஐயா, அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டு எடுத்தாரா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். பென்டன் காலமாயிருந்தால் கேட்டிருக்கத்தான் வேண்டும். கேட்டு, உட்காரவைத்து, அசையாதே என்று சொன்னால்தான் அங்கே படமே உண்டு. ஹூப்பரும் அப்படித்தான் உட்காரவைத்தார். ஆனால் மறுக்க வலுவில்லாதவரிடம் கேட்பது என்ன கேள்வி? ஆர்கோ தத்தாவின் படத்தில் இறந்தவரின் முகம் இல்லை என்பதை மட்டும் அவளுக்குச் சுட்டிக்காட்டினேன். கை மட்டும் தெரிகிறது. முகத்தைக் காட்டாமல் விட்டதில் ஒரு நாணம் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அவள் இதை ஏற்றாளா என்பதை அறியேன். "கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் இந்தப் படம் நமக்குக் கிடைத்திருக்காதே" என்று மற்றொருவன் வாதிட்டான். மணி அடிக்கும்வரை இரு கட்சியாகப் பிரிந்து வாதம் செய்தார்கள். நான் இடையே புகவில்லை.

மாலையில் அந்த மாணவியும் நான் ஏறிய வண்டியிலேயே வந்தாள். தேவனாம்பட்டினம்தான் அவள் ஊர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அலை வந்தபோது அவள் பிறக்கவில்லை. அவளுடைய தாத்தா அன்று போய்விட்டார். வீட்டிலிருந்த படங்களும் அன்றே போய்விட்டன. அவருடைய முகம் என்று அவர்களிடம் இருப்பது, உறவினர் வீட்டுத் திருமணப் படம் ஒன்றின் ஓரத்தில், பந்தல்காலுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் உருவம் ஒன்றுதான். அதைத் தன் கைபேசியில் எடுத்து வைத்திருந்தாள். "ஐயா, இதைப் பெரிதாக்க முடியுமா? பாட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறார்" என்றாள்.

கடலூர் முதுநகரில் எனக்குத் தெரிந்த பழைய ஸ்டூடியோ ஒன்று உண்டு. மறுநாள் அந்தத் திருமணப் படத்தையே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தோம். கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். மீசையும் ஒரு கண்ணும் தெளிவாக இருக்கின்றன. மற்றவை பந்தல்காலின் மறைவில் உள்ளன என்றார். இருக்கின்றதைப் பெரிதாக்கித் தருகிறேன், இல்லாததை வரைந்து சேர்க்கமாட்டேன் என்றார். அவள் சற்று யோசித்து, அதுவே போதும் என்றாள். ஒரு வாரம் கழித்து வாங்கி வந்தாள். புள்ளி புள்ளியாகத் தெரிந்த பாதி முகம். அதன் அருகே ஒரு பந்தல்கால், காலில் கட்டிய வாழைமரத்தின் ஓர் இலை. பாட்டி அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதாகச் சொன்னாள்.